கால்வாய் ஓரத்துக் கரிசலாங்கண்ணி

சென்ற விடுமுறையில் கழகத் தோழி ஒருத்தி தலைக்குத் தேய்க்கும் தைலப் போத்தலைக் காட்டி, "உராங் அரிங், முடி கொட்டாதாம்" என்றாள். தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். தெரியவில்லை. பிறந்து வளர்ந்ததோ கோல சிலாங்கூர்ச் செம்பனைத் தோட்டத்தில்!

அதுதான் கரிசலாங்கண்ணி. கையாந்தகரை என்றும் சொல்வார்கள். ஈர மண்ணிலும் ஓடைக் கரையிலும் சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைப் பூவோடு நிற்கும். இலையைக் கசக்கினால் சாறு கறுத்துவிடும். என் பாட்டி அந்தச் சாற்றில் துணியை நனைத்து, நிழலில் உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்துக் கண்மை எடுப்பார். பெயரில் கரியும் கண்ணும் இருப்பது அதனால்தான் என்று சிறுவயதில் நம்பினேன். சொல்லாராய்ச்சியாளர் வேறு சொல்லக்கூடும். வள்ளலார் போற்றிய கீரை இது. ஆங்கிலேயர் வைத்த பெயரோ 'பொய் டெய்சி'. தம் ஊர்ப் பூவை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது பொய். நமக்கு எப்படிப் பொய்யாகும்?

பெயர் மறந்ததற்கு மாணவர்களைக் குறை சொல்வது எளிது. நான் உடன்படவில்லை. தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பதை 'மருந்தடிப்பது' என்போம். முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் நம் பெண்கள் பலர். மூலிகை களையானது, நஞ்சு மருந்தானது. செடியை அடையாளம் காட்டத் தெரிந்தவர் கையாலேயே செடி கருகியது. பாராகுவாட் 2002இல் தடை செய்யப்பட்டு, 2006இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டு, 2020இல்தான் முற்றாக ஒழிந்தது. அதற்குள் பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டே வந்துவிட்டன. இன்று தாமான் ஓரம் படர்ந்திருக்கும் மஞ்சள் பூவைப் பார்த்து மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சிலர் பறிக்கிறார்கள். அது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்த வேறு கொடி.

பெயர் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது என்பதற்கும் நம் வட்டாரத்திலேயே சான்றுண்டு. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அவ்வட்டாரத்தில், பிரெஞ்சுக்காரர் ஹென்ரி ஃபோக்கோனியேர் 1917இல் நாட்டின் முதல் வாணிகச் செம்பனையை நட்ட தோட்டத்தின் பெயர் மட்டும் இன்றும் தென்னமரம்தான்!

கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். மூலிகைக் கண்காட்சி, மேடை, மாலை எதுவும் வேண்டாம். தீபாவளிக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் கால்வாய் ஓரத்துச் செடி ஒன்றைப் படமெடுத்து, பாட்டியிடமோ அத்தையிடமோ பெயர் கேட்டு, அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதி வாருங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கம் போதும். பறித்து மட்டும் வராதீர்கள். போன வாரம்தான் மருந்தடித்திருப்பார்கள்.