காட்டுப்பள்ளியில் இருந்து நெபுலா ஆராயலாமா?

காட்டுப்பள்ளி பக்கம் ராத்திரி அண்ணாந்து பார்த்தா துறைமுக விளக்கு வெளிச்சம்தான் முதல்ல தெரியும். "வானியல் எல்லாம் நமக்கு எதுக்கு சார்?"னு இங்கே படிக்கிற பசங்க கேட்டா நியாயமாத்தான் தோணும். ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்.

கோள் நெபுலாவையே எடுத்துக்குவோம். பேர்தான் கோள், சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் சாகும்போது உதறிவிடற வாயுவும் தூசியும்தான் அது. அந்தக் காலத் தொலைநோக்கியில கோள் மாதிரி வட்டமா தெரிஞ்சதால வில்லியம் ஹெர்ஷல் வெச்ச பேர். 1800ல அகச்சிவப்பு ஒளியைக் கண்டுபிடிச்சதும் அவரேதான். கண்ணுக்குத் தெரியற ஒளியைத் தூசி மறைச்சிடும். அகச்சிவப்புல அந்தத் தூசியே ஒளிரும்.

சிக்கல் என்னன்னா, காத்துல இருக்கற நீராவி அகச்சிவப்புல பெரும்பகுதியை முழுங்கிடும். விளக்கை எல்லாம் அணைச்சாலும் கடலோரத்துல பிரயோஜனமில்லை. அதனாலதான் லடாக்ல, 4,500 மீட்டர் உயரத்துல, வறண்டு கிடக்கற ஹான்லேல நம்ம சந்திரசேகர் பேர்ல 2 மீட்டர் தொலைநோக்கி வெச்சிருக்காங்க. அதை இயக்கறது எங்கேருந்து? பெங்களூரு பக்கத்துல ஹொஸ்கோட்டேல, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து! ஆக, அவங்களும் நம்மளை மாதிரி பொட்டி தட்டறவங்கதான் :-)

2022 ஜூலை 12 அன்னிக்கு ஜேம்ஸ் வெப் எடுத்த தென்வளைய நெபுலா படம் வந்துச்சு. நடுவுல சாகற நட்சத்திரத்தைச் சுத்தித் தூசி இருக்கறது அகச்சிவப்புல முதல்முறையா தெரிஞ்சது. எல்லாருக்கும் திறந்துவிட்ட அந்தத் தரவை வெச்சு, ஓர்சோலா டி மார்கோ தலைமையில கிட்டத்தட்ட 70 பேர் அதே டிசம்பர்ல கட்டுரை போட்டாங்க: அங்கே குறைஞ்சது நாலு நட்சத்திரம் இருந்திருக்கணும்.

"அவங்க எல்லாம் விஞ்ஞானிங்கப்பா"ன்னு சொல்வீங்க. சரி, க்ரோன்பெர்கர் 61ங்கற கோள் நெபுலாவைப் பழைய வான்படத் தொகுப்பைத் துழாவிக் கண்டுபிடிச்சவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஒரு அமெச்சூர்.

ஸ்பிட்சர், வைஸ் தொலைநோக்கிகளோட அகச்சிவப்புத் தரவு இணையத்துல இலவசம். வெப் தரவும் அதிகபட்சம் ஒரு வருஷத்துல பொதுவுக்கு வந்துடுது. பைத்தான்ல படிக்க ஆஸ்ட்ரோபை இருக்கு, அதுவும் இலவசம். நம்ம இன்ஜினியரிங் பசங்களோ கடைசி வருஷத்துல ப்ராஜெக்ட் சென்டருக்குக் காசு அழுது அதே 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' வாங்கிட்டு வர்றாங்க. அந்தக் காசுக்கு வாங்கறது வெறும் பைண்டிங்தான்.

காலேஜ்ல பாடம் எடுக்கற பதிவர்கள் யாராவது இருந்தா, இந்த வருஷம் ஒரே ஒரு டீமுக்காவது ஒரு நெபுலாவோட தரவை இறக்கிக் கொடுங்க. மத்த மக்களே, நீங்க என்ன நினைக்கிறீங்க?