மோடம் மென்பொருளைத் திறவுங்கள்
அந்தமான் நிகோபார் கைபேசிப் பயனர்களின் கோரிக்கைச் சாசனம்

மத்திய தொலைத்தொடர்புத் துறைக்கும், தீவு நிர்வாகத்துக்கும், கைபேசித் தயாரிப்பாளர்களுக்கும்:

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். 1,224 கோடி ரூபாய் செலவு. கார் நிகோபாரும் கேம்பல் பேயும் இணைந்தன. ஆனால் கேபிள் கரையோடு நின்றுவிடுகிறது. கோபுரத்திலிருந்து இணைப்பை நம் கைக்குச் சேர்க்க வேண்டியது கைபேசிக்குள் இருக்கும் மோடம்.

அது தனிச் செயலியும் தனி மென்பொருளும் கொண்ட இன்னொரு கணினி. ஆண்ட்ராய்டு ‘அழைப்பு விடு’ என்று சொல்வதோடு சரி. எந்தக் கோபுரத்தைப் பிடிப்பது, எவ்வளவு வலுவில் அலை அனுப்புவது என்பதெல்லாம் மோடத்தின் வேலை. அந்த மென்பொருளைப் பயனரும் பார்க்க முடியாது, பழுதுபார்ப்பவரும் தொட முடியாது.

2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த தீவுகள் இவை. இன்று பேரிடர் எச்சரிக்கை, கோபுரம் தன் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் செல் பிராட்காஸ்ட் வழியே வருகிறது. அதை முதலில் வாங்குவதும் மோடம்தான். ஆகவே கோருகிறோம்:

1. எச்சரிக்கைகள் இந்தி, ஆங்கிலத்தோடு தமிழ், வங்காளம், நிகோபாரி மொழிகளிலும் வர வேண்டும். செல் பிராட்காஸ்டில் ஒரு பக்கத்துக்கு 82 பைட். ஆங்கிலத்தில் 93 எழுத்து, தமிழில் ஏறத்தாழ 40 குறிகள்தான். உயிர்க்குறிகளும் தனியே எண்ணப்படுவதால் ‘சுனாமி’ என்ற சொல்லுக்கே ஆறு குறிகள் செலவாகும். ஆயினும் 15 பக்கம் வரை தொடரலாம். இடமில்லை என்பது சாக்கு. இங்கு விற்கும் பட்டன் போன்களிலும் சோதித்துக் காட்டுங்கள்.

2. மோடத்துக்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை என்று பெட்டியிலேயே அச்சிட வேண்டும். தொலைபேசி எண் மட்டும் தெரிந்தால் ஊடுருவக்கூடிய ஓட்டைகள் எக்ஸினாஸ் மோடங்களில் இருந்ததை 2023 மார்ச்சில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

3. மோடத்தின் அசல் மென்பொருள் (ஃபர்ம்வேர்) கோப்புகளும் சோதனைக் கருவிகளும் தீவுக் கடைகளுக்குக் கிடைக்க வேண்டும். சிக்னல் விழுந்த போனை மென்பொருள் ஏற்றுவதற்காக மட்டும் சென்னைக்கு அனுப்பிக் காத்திருப்பது அநியாயம். கைபேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை மாற்றுவதற்கான தடையைத் தளர்த்தச் சொல்லவில்லை, அது நீடிக்கட்டும்.

4. ஆண்ட்ராய்டும் மோடமும் பேசிக்கொள்ளும் கட்டளைகளின் ஆவணங்களைப் பொதுவில் வையுங்கள். பழைய மோட்டரோலா போன்களுக்கு ஜிஎஸ்எம் மோடம் மென்பொருளைத் திறந்த மூலமாகவே எழுதலாம் என்று ஓஸ்மோகாம்பிபி திட்டம் காட்டியிருக்கிறது. இங்குள்ள அம்பேத்கர் தொழில்நுட்பக் கழக மாணவர்களும் அதைக் கற்கட்டும்.

இவற்றுக்கான பதிலை எழுத்தில், காலவரையறையோடு, ஸ்ரீ விஜயபுரத்தில் பொதுமக்கள் முன்னிலையில் தர வேண்டும். கோபுரம் நட்டதோடு கடமை முடிந்தது என்ற பேச்சை இனி ஏற்க மாட்டோம்.