லயமும் அஞ்சடியும்



தைப்பூசக் காவடி இறங்கிய களைப்பு தீரும் முன்பே சீனப் புத்தாண்டு வந்துவிட்டது. எங்கள் இதழ் அலுவலகத்துக்கு இந்த ஆண்டும் இரண்டு பெட்டி ஆரஞ்சு வந்தன. ஒன்று அச்சகத் தவுக்கே கொடுத்தனுப்பியது. மற்றது கீழ்த்தளத்துக் கோப்பிக்கடைக்காரர் தாமே தூக்கிவந்து வைத்தது. பினாங்கில் ரதம் வரும் வழியில் தேங்காயைக் குவித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் சீனக் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேங்காய் சிதறுவதில் அவர்கள் காட்டும் உற்சாகம் நமக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

இந்த மாதத்தில்தான் வழக்கமான அந்தக் கடிதமும் வரும். அனுப்புகிறவரின் பெயரும் ஊரும் மாறும், கடிதம் மாறாது. சீனர்களும் நாமும் ஒரே காலத்தில் கப்பலேறி வந்தோம், அவர்கள் கடை கட்டினார்கள், நாம் கள்ளுக்கடை வாசலில் நின்றோம் என்பதுதான் அதன் சாரம். கல்யாணப் பந்தியிலும் கருமாதி வீட்டுத் திண்ணையிலும் இதே பேச்சுதான். ஒளிப்பானேன், நாற்பது வயதுவரை நானும் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்பதை இந்தப் பக்கத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சீனர்கள் வரும்போது கையில் காசோடு வரவில்லை. பயணக்கடனோடுதான் வந்தார்கள். கடன் தீரும்வரை ஈயச் சுரங்கத்தில் உழைப்பு. 1857-இல் கிள்ளான் ஆற்றில் படகேறி, கோம்பாக் ஆறு கலக்கும் இடத்தில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் ஈயம் தேடிப் போன சீனர்கள் 87 பேர். ஒரு மாதத்தில் மிஞ்சியவர்கள் 18 பேர்தான். மலேரியாக் காய்ச்சல் மற்றவர்களைக் கொண்டுபோய்விட்டது. இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் கோலாலம்பூரின் தொடக்கம் அந்த 87 பேர்தான். குடிப்பழக்கம் நம்மைக் கெடுத்தது என்றால், அபின் அவர்களைக் கெடுத்தது. நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருமானத்தில் பாதியளவு அபினிலிருந்து வந்த ஆண்டுகளும் உண்டு. தோட்டத்துக் கள்ளுக்கடையும் திருட்டுக்கடை அன்று. சட்டம் அனுமதித்த கடை. கொடுத்த கூலியைச் சாயங்காலமே திரும்ப வாங்கிக்கொள்ள அதைவிட நல்ல வழி எது?

வறுமையும் போதையும் இரண்டு பக்கத்திலும் இருந்தன என்றால் வித்தியாசம் எங்கே தொடங்கியது? இறங்கிய இடத்தில் என்பது என் எண்ணம்.

ஈயம் எடுத்த இடம் ஊரானது. குழி தோண்டுகிறவனுக்கு அரிசி வேண்டும், பன்றி வேண்டும், மண்வெட்டி வேண்டும், ஊருக்குக் கடிதம் எழுதித் தர ஆள் வேண்டும். ஒவ்வொரு தேவையும் ஒரு கடை. 1854-இல் பதினேழு வயதுப் பையனாக மலாக்காவில் வந்திறங்கிய யாப் ஆ லோய், பதினான்கு ஆண்டுகளில் கோலாலம்பூரின் கப்பித்தான், அதாவது சீனர் தலைவர், ஆனார். எல்லாரும் யாப் ஆ லோய் ஆகவில்லைதான். ஆனால் கடன் தீர்ந்தவன் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் கால் வைக்க மண் இருந்தது. கீரைப் பாத்தி போடலாம், காவடித்தட்டில் மீ விற்கலாம், கடைவரிசைக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் ஒரு பலகையைப் போட்டு உட்காரலாம். கீழே கடை, மேலே படுக்கை. ஒரே குலப்பெயர்க்காரர்களுக்கு ஒரு சங்கம், ஒரே ஊர்க்காரர்களுக்கு ஒரு கொங்சி. புதிதாக வந்தவனுக்கு முதல் சில நாள் சோறும் பாயும் அங்கே கிடைக்கும். அந்தக் கொங்சிகள் தமக்குள் பேராக்கின் லாருட்டில் வெட்டிக்கொண்டு செத்த கதையும் நமக்குத் தெரியும். அந்தச் சண்டையைச் சாக்கிட்டுத்தான் 1874-இல் பங்கோர் ஒப்பந்தமும் வெள்ளைக்கார ஆட்சியும் பேராக்குக்குள் நுழைந்தன. ஒற்றுமையின் இலக்கணம் என்று அவர்களை நாம் புகழ்வதைக் கேட்டால் அவர்களே சிரிப்பார்கள்.

நம் ஆள் இறங்கியது ரப்பர்த் தோட்டத்து வேலிக்குள். நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிய கங்காணியே தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம்வரை கூட்டிவந்தான். எத்தனை தலை வேலைக்கு வந்ததோ அத்தனைக்குத் தலைக்காசு வாங்கினான். ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது, கங்காணி வழியும் 1938-இல் அடைபட்டது. ஆனால் தோட்டம் தோட்டமாகவே இருந்தது. குடியிருந்த வரிசை வீடான லயம் துரையுடையது. சாமான் கடை, கள்ளுக்கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோவில் எல்லாம் வேலிக்குள். கூலி எவ்வளவு என்பதைத் தோட்ட முதலாளிகளும் அரசும் சேர்ந்து முடிவு செய்தார்கள். 1920-களின் கடைசியில் போக்குவரத்துள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. ரப்பர் விலை விழுந்தபோது அதையும் குறைத்து, மிஞ்சிய ஆளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். காசு சேர்த்து அவன் எதைத் தொடங்குவான், எங்கே தொடங்குவான்? பட்டணம் பத்து மைலுக்கு அப்பால். அங்கே போய்வரக் கூட தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்நின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கச் சொல்லாதே. கள்ளுக்கடையை மூடச் சொன்னது தொழிலாளிதான். பதிலுக்கு வந்தது பட்டாளம்.

இன்னொன்றையும் பாருங்கள். அதே தமிழ்நாட்டிலிருந்து வந்த செட்டியார்கள் அம்பாங் தெருவில் பெட்டியடி போட்டு உட்கார்ந்தார்கள். சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் அவர்கள் கடன் கொடுத்தார்கள், வாங்கியவர்களில் சீனர்கள் நிறையப் பேர். யாழ்ப்பாணத்திலிருந்து மிஷன் பள்ளி ஆங்கிலத்தோடு வந்தவர்கள் ரயில்வேயிலும் அரசு அலுவலகத்திலும் உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் டாக்டரானார்கள். பேசியது அதே தமிழ், கும்பிட்டது அதே முருகன். குணம்தான் காரணம் என்றால் இவர்களுக்கு மட்டும் அந்தக் குணம் எப்படி வாய்த்தது? தமிழனுக்குச் சேமிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் செட்டிநாட்டுப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரட்டும்.

இனி, கோப்பிக்கடைக்காரர் கதைக்கு வருகிறேன். எனக்கும் அவருக்கும் முப்பது ஆண்டுப் பழக்கம். அவர் பிறந்தது ஒரு புதுக்கிராமத்தில். 1950-இல் காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமல் தடுக்கவென்று பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் கீரை போட்டும் பன்றி வளர்த்தும் பிழைத்த சீனர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் முள்வேலிக்குள் அடைத்தார்கள். வாசலில் அரிசிச் சோதனை, இருட்டினால் ஊரடங்கு. "அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார்" என்பார் அவர். கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலிக்குள் ஆளுக்கொரு மனையை அளந்து கொடுத்திருந்தார்கள். பட்டா முதலில் தற்காலிகமாக, பிறகு குத்தகையாக வந்தது. வேலியைப் பிடுங்கிய பிறகும் மனை இருந்தது. ஊர் வளர்ந்து சாலை அகலமானபோது அந்த மனையில் அவருடைய அண்ணன் ஆணிக்கடை வைத்தார். அதை அடமானம் வைத்துத்தான் இவருடைய கோப்பிக்கடை.

என் தகப்பனார் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பால்மரம் சீவினார். நாங்கள் ஆறு பேரும் பிறந்தது ஒரே லயத்து வீட்டில். ஓய்வு பெற்ற மறுமாதம் வீட்டுச் சாவியைக் கேட்டுக் கடிதம் வந்தது. சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை. வேலை இருக்கும்வரை வீடு, அவ்வளவுதான். வீட்டுக்கு முன்னால் அம்மா நட்ட முருங்கை அந்த ஆண்டு நன்றாகக் காய்த்திருந்தது. அதைப் பறித்துக்கொண்டு போகலாமா கூடாதா என்று அப்பா கிராணியிடம் கேட்டுவிட்டு வந்தார். பிறகு அந்தத் தோட்டம் விலைபோய் வீடமைப்புத் தாமான் ஆயிற்று. மாரியம்மன் கோவில் நின்றதும் கம்பெனி நிலம், ஆகவே அவளும் அனுமதியின்றிக் குடியிருப்பவளாகிவிட்டாள். 1980-களிலும் 90-களிலும் ரப்பர் போய்ச் செம்பனையும், செம்பனை போய் வீடமைப்புத் திட்டமும் வந்தபோது எத்தனை தோட்டத்தில் இதே கதை!

ஒரே மாதிரி உழைத்த இரண்டு தகப்பன்மாரில் ஒருவர் விட்டுப்போனது மனை, மற்றவர் திருப்பிக் கொடுத்தது சாவி. அடுத்த தலைமுறையின் கணக்கு அங்கேயே பாதி முடிந்துவிட்டது. 1970-இல் நாட்டின் கம்பெனிப் பங்குகளில் சீனர் கையில் இருந்தது 27 விழுக்காடு, இந்தியர் கையில் 1.1 விழுக்காடு. 63 விழுக்காடு அந்நியர் வசம். நாம் சீவிய பால் யார் வாளியில் விழுந்தது என்று இதற்குமேல் விளக்க வேண்டாம். மறு ஆண்டு வந்த புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறையில் மலாய்க்காரர்களின் வறுமையையே குறிவைத்தது. அந்த வறுமையும் மெய்தான். ஆனால் தோட்டப்புறத்தில் கிடந்தவன் அதன் கணக்கில் தனியாக வரவில்லை.

2019-இல் மலேசியக் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நின்ற சீனக் குடும்பத்தின் மாத வருமானம் 7,391 வெள்ளி, இந்தியக் குடும்பத்துக்கு 5,981, மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா குடும்பத்துக்கு 5,420. நாம் நடுவில் இருக்கிறோமே என்று ஆறுதல்படலாம். ஆனால் அந்த நடுக்கோட்டுக்குக் கீழே மலிவு அடுக்குமாடியில் மின்தூக்கி வேலை செய்யாத ஒன்பதாம் மாடியில் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் பழைய தோட்டத்துப் பிள்ளைகள். நடுக்கோட்டுக்குக் கீழே சீனர்களும் இருக்கிறார்கள். புதுக்கிராமங்களில் பிள்ளைகள் பட்டணத்துக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, தனியாக இருக்கும் கிழவிகளைக் கோப்பிக்கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போவார்.

எல்லாப் பழியையும் துரைமீது போட்டுவிட்டு நான் கைகழுவப் போவதில்லை. லயத்தில்கூட சாதி பார்த்து வீடு பிரித்துக்கொண்டது நாம்தான். ஒரு சங்கம் தொடங்கினால் மூன்றாம் ஆண்டு அது இரண்டாக உடைவதும் நம் கைங்கரியம். ஆனால் சேர்ந்து செய்யத் தெரியாதவர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். 1950-களில் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் கட்டச் செல்வந்தர் டான் லார்க் சை 50 லட்சம் வெள்ளி கொடுத்தார், ரிக்‌ஷா மிதித்தவர்கள் ஒருநாள் வருமானத்தைக் கொடுத்தார்கள் என்று நாம் வியந்து பேசுகிறோம். அதே பத்தாண்டில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்" நிதி திரட்டியபோது கொடுத்தவர்கள் யார்? நாள்கூலிக்காரர்களும்தான்.

அந்நியக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960-இல் ம.இ.கா. தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். கொடுத்தார்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. நாளொன்றுக்குச் சில வெள்ளி கூலி வாங்கியவனுக்கு அந்தப் பத்து வெள்ளி எத்தனை நாள் உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள். கொடுத்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். கொங்சிக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்? நாட்டில் இன்று தமிழர் கூட்டாக உடைமையாக்கியிருக்கும் நிலத்தில் பெரும் பங்கு அந்தப் பத்து வெள்ளிகளில் முளைத்ததுதான். கடிதம் எழுதும் அன்பர்கள் கள்ளுக்கடையை நினைவு வைத்திருக்கும் அளவுக்கு இதை நினைவு வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

இந்தப் பக்கத்தை எழுதும் முன் கோப்பிக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் ஆட்களைப் பற்றி எங்கள் ஆட்கள் என்ன பேசுவார்கள் தெரியுமா என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "தமிழன் வீட்டில் வக்கீல், டாக்டர், ஆங்கிலம் நுனிநாக்கில். நம் பிள்ளை மட்டும் ஏன் கடையையே கட்டிக்கொண்டு அழுகிறான்?" அவர் வீட்டுத் திண்ணையிலும் ஒரு கடிதம் எழுதப்படுகிறது போலும்!

அடுத்த மூன்று இதழ்களில் தோட்டப்புற நினைவுகளுக்குத் தனிப்பகுதி ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய சம்பளச்சீட்டு, கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டு, தோட்டப் பள்ளிக்கூடத்தில் எடுத்த படம் எது இருந்தாலும் படமெடுத்து அனுப்புங்கள். ஒரிஜினலை அனுப்ப வேண்டாம், அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு. எதுவுமே இல்லையென்றால் மூன்று வரி போதும்: பிறந்த தோட்டத்தின் பெயர், அங்கிருந்து வெளியேறிய ஆண்டு, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்