வகுத்துப் பாருங்கள்!

பெரம்பலூர், அரியலூர் பக்கங்களில் கலியாண வீட்டு மொய்யைப் பெரும்பாலும் 50 என்றோ 500 என்றோ எழுதுவதில்லை. 51, 101, 501, 1001 என்று ஒரு ரூபாயைக் கூட்டியே எழுதுகிறார்கள். காரணம் கேட்டால், பங்கு போட முடியாத எண், ஆகையால் தம்பதிகளும் பிரியமாட்டார்கள் என்கிறார்கள். நல்லது, வகுத்துத்தான் பார்ப்போமே! 51 என்பது 3 தரம் 17. 501 என்பது 3 தரம் 167. 1001-ஓ 7, 11, 13 ஆகிய மூன்றையும் பெருக்கி வந்தது. 101 ஒன்றுதான் 1-ஆலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதது. அதையே பகா எண் என்பது. 101 வாங்கிய தம்பதிகள் மட்டும் சண்டையில்லாமல் வாழ்கிறார்கள் என்று நாம் இதுவரை கேள்விப்படவில்லை.

சிறிய எண்ணானால் ஒரு நாழிகையில் வகுத்துப் பார்த்துவிடலாம். பெரிய எண் வந்தால்தான் மனிதன் வகுப்பதை விட்டுவிட்டு எவர் வாக்கையாவது பிடித்துக்கொள்ளுகிறான். பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைத்துக் காசு வாங்கும் எண் ஜோசியனின் பிழைப்பும் இங்கேதான் நடக்கிறது. பிரான்சு தேசத்து மெர்சென் என்ற பாதிரியார் 1644-ல் ஒரு ஜாபிதா வெளியிட்டார். 1-ஐ 67 தடவை இரட்டித்து, வந்ததில் ஒன்றைக் குறைத்தால் கிடைக்கும் 21 இலக்க எண் பகா எண்ணென்று அதில் கண்டிருந்தது. அவர் மோசக்காரரல்ல, நல்ல கல்விமான்தான். ஆனாலும் 232 வருஷ காலம் அந்தப் பிசகு நின்றது. 1876-ல் லூக்காஸ் என்பவர் அது பகா எண் அல்லவென்று நிரூபித்தார். எதனால் வகுபடும் என்பதை மட்டும் அவராலும் சொல்ல முடியவில்லை. (வகுக்கும் எண்ணைக் காணாமலே வகுபடும் என்று காட்ட வழியிருப்பது கணிதத்தின் விந்தை.) 1903-ல் அமெரிக்காவில் கோல் என்ற கணிதப் பேராசிரியர் அதையும் எடுத்து வைத்தார்: 193707721, 761838257287. இவ்விரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 147573952589676412927 வரும். காகிதமும் பென்சிலும் பொறுமையும் போதும். ஜாதியும் வேண்டாம், தீட்சையும் வேண்டாம்.

பாதிரியைச் சொன்னவர்கள் நம்மூர்த் தாயாரை விட்டுவிட்டார்களே என்று எவரும் குறைப்பட வேண்டாம். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் தம் கணக்குகளை நாமக்கல் நாமகிரித் தாயார் அருளியதாகச் சொன்னார் என்பார்கள். ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உண்டு என்பதற்கு அவர் 1913-ல் ஹார்டிக்கு எழுதிய கணக்கு, பெரிய எண்களுக்குப் போனால் அவர் சொன்ன அளவு திட்டமாக நிற்கவில்லை. தாயார் தந்தது பிசகுமா? ஒன்றுக்கு மேற்பட்ட எந்த எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவில் ஒரு பகா எண் கட்டாயம் உண்டென்பதற்கு அதே இராமானுஜன் 1919-ல் சுருக்கமான புது நிரூபணம் எழுதினார். அதில் தாயார் கையொப்பமில்லை, படிப்படியான காரணமே இருக்கிறது. அவர் பெருமையும் அதில்தான் என்போம்.

2024-ல் லூக் டூரண்ட் என்ற அமெரிக்கர் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைக் கண்டார். 1-ஐ 136279841 தடவை இரட்டித்து ஒன்று குறைத்த எண் அது. அவர் வாக்கை நம்பி எவரும் பறையறையவில்லை. வேறு கம்ப்யூட்டர்களில், வேறு முறைகளில், மறுபடியும் சோதித்த பின்புதான் உலகுக்குச் சொன்னார்கள்.