மஞ்சள் விளக்கு எரியுது... மேட்டுல வண்டி இழுக்க மாட்டேங்குது! - பி.எஸ்-6 லாரி டிரைவர்களின் தலைவலி

நள்ளிரவு தாண்டிய நேரம். நாமக்கல்லில் லோடு ஏற்றிய லாரி ஒன்று, சேலத்தைக் கடந்து பெங்களூருக்குப் போக தொப்பூர் மேட்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் மூன்று நாள்களாக எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கு இப்போது விட்டுவிட்டு மினுக்குகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தே கொல்கிறது. விடிவதற்குள் சரக்கை இறக்க வேண்டும். தாமதமானால் வாடகையில் பிடித்தம். ஓனருக்கு போன் போட்டு என்ன சொல்வது? இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வண்டி போகவில்லை!

பி.எஸ்-6 லாரி ஓட்டுபவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. பழைய வண்டியில் பிரச்னை என்றால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் போதும். இப்போது லேப்டாப்போடு மெக்கானிக் வரும்வரை ரோட்டோரத்தில் காத்திருக்க வேண்டும்.

சைலன்சருக்குள் ஒரு தொழிற்சாலை

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்-6 விதி அமலுக்கு வந்தது. பி.எஸ்-4-லிருந்து, பி.எஸ்-5-ஐத் தாண்டி ஒரே தாவலாக இந்தியா இங்கே வந்தது. கனரக வாகனங்களின் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளுக்கான உச்சவரம்பு, ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமாக இறங்கியது. டீசலில் இருக்கும் கந்தகமும் 50 பி.பி.எம்-லிருந்து 10 பி.பி.எம்-ஆகக் குறைந்தது.

இதற்காக சைலன்சர் இருந்த இடத்தில் இரண்டு முக்கியமான கருவிகள் வந்தன. ஒன்று, டி.பி.எஃப் எனப்படும் கரி வடிகட்டி. புகையில் வரும் கரித்தூளை இது பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று எஸ்.சி.ஆர். சூடான புகையில் டெஃப் என்ற திரவத்தைப் பீய்ச்சி, நைட்ரஜன் ஆக்ஸைடுகளைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் அமைப்பு. டெஃப் என்பது 32.5 சதவிகித யூரியாவும் மீதி சுத்திகரித்த தண்ணீரும் கலந்தது. டிரைவர்கள் பலருக்கும் அது வெறும் ‘யூரியா’தான்.

ஏன் இழுக்க மறுக்கிறது?

டெஃப் தீர்ந்தாலோ, தரம் சரியில்லை என்று சென்சார் சொன்னாலோ வண்டி முதலில் எச்சரிக்கும். கண்டுகொள்ளாவிட்டால் இழுவைத் திறனைக் கால் பங்கு குறைக்கும். அதற்கும் மசியவில்லை என்றால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவிடாது. டெஃப் ஊற்றாமலே வண்டியை ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக விதியிலேயே இருக்கும் கடிவாளம் இது. சிக்கல் என்னவென்றால், சில நேரம் டேங்க் நிறைய நல்ல டெஃப் இருந்தும் சென்சார் பழுதாகித் தவறாகச் சொல்லும். தண்டனை என்னவோ அதேதான்.

இந்தப் புலம்பல் இங்கே மட்டுமில்லை. அமெரிக்காவில் லாரிக்காரர்களும் விவசாயிகளும் இதே குறையைச் சொல்லிவந்தார்கள். வண்டியின் சக்தி திடீரெனக் குறையாமல், பழுதைச் சரிசெய்ய டிரைவருக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கும்படி சாஃப்ட்வேரை மாற்றுமாறு, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஆகஸ்டில் உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது.

அந்த அரை மணி நேரம் யாருடையது?

சென்சார் கோளாறு டிரைவர் கையில் இல்லை. ஆனால், கரி வடிகட்டி அடைத்துக்கொள்வது பெரும்பாலும் தவிர்க்கக் கூடியது.

வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். இதைத்தான் ‘ரீஜென்’ என்கிறார்கள். ஹைவேயில் லோடோடு சீராக ஓடும்போது புகையின் சூட்டிலேயே பெருமளவு கரி எரிந்துவிடும். நகருக்குள் நின்று நின்று போகும் வண்டிக்கும், லோடு ஏற்ற மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்கும் வண்டிக்கும் அந்தச் சூடு கிடைக்காது. கரி சேர்ந்துகொண்டே போகும். அப்போதுதான் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ரீஜென் சுவிட்சை அழுத்தி, சுமார் அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால், அந்த அரை மணி நேரம் டிரைவரிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நடைக்கு இவ்வளவு என்று பேட்டா வாங்குபவர், நேரத்துக்குப் போகாவிட்டால் திட்டு வாங்குபவர், ‘அடுத்த டோல்கேட்டில் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவார். இரண்டு நாள் தள்ளினால் வண்டி ரோட்டில் நிற்கும். பிறகு வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மோசமானால் புதிதாகவே மாற்ற வேண்டும். அரை மணி நேரம் மிச்சம் பிடிக்கப்போய் நாள் கணக்கில் வாடகை போகும். அந்த நஷ்டத்துக்கும் முதலில் திட்டு வாங்குவது டிரைவர்தான்.

‘கழற்றிவிடலாம்’ என்கிறார்களா?

சென்சாரை ஏமாற்றும் சின்னப் பெட்டியைப் பொருத்தினால் தொல்லை விட்டது என்று ஆசை காட்டுபவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, காற்று மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டுபவர், ஓட்டச் சொன்னவர் இருவரையும் பிடிக்கும். 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. லைசென்ஸும் 3 மாதம் போகும். ஓனருக்கு அது ஒரு செலவு; டிரைவருக்கு மூன்று மாதச் சோறு.

சட்டத்தை விடுங்கள். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. அந்தப் புகைக்கு மிக அருகில், வருடம் முழுக்க இருப்பவர் யார்? லாரி டிரைவர்தான். பட்டறையில் வேலை பார்ப்பவரும், ஹைவே ஓரத்தில் டீக்கடை வைத்திருப்பவரும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறார்கள்.

இதைச் செய்தால் போதும்!

* விளக்கு எரிந்த அன்றே ரீஜென் கொடுங்கள். வைக்கோல், காய்ந்த புல், பெட்ரோல் பங்க் அருகே வேண்டாம். அப்போது புகைக்குழாய் கடுமையாகச் சூடாகும்.

* சீல் உடையாத டெஃப் கேன் மட்டுமே வாங்குங்கள். வயல் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றவே கூடாது. அதில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. தண்ணீரில் உப்புகள் இருக்கின்றன. இரண்டும் எஸ்.சி.ஆரைக் கெடுத்துவிடும்.

* கேனை வெயிலில் போட்டு வைக்காதீர்கள். 25 டிகிரியில் 18 மாதம் தாங்கும் டெஃப், 35 டிகிரியில் 6 மாதம்தான் தாங்கும்.

* நீல மூடிதான் டெஃப் டேங்க். தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். டேங்கைச் சுத்தம் செய்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

* கம்பெனி சொன்ன தரத்தில் மட்டுமே இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். கரியை எரிக்கலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

ஓனர்களுக்கும் ஒரு வார்த்தை. டீசலுக்கும் டோலுக்கும் கணக்குப் போட்டுக் காசு கொடுத்து அனுப்புகிறீர்கள். ரீஜெனுக்கு ஆகும் அரை மணி நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ‘விளக்கு எரிஞ்சா நிறுத்திக்கப்பா, லேட்டானா நான் பேசிக்கிறேன்’ என்று கிளம்பும்போதே சொல்லி அனுப்பினால், தொப்பூர் மேட்டில் நடுராத்திரி போன் வராது!