வாசலுக்கு எந்தத் தோரணம்?

ஒரு வீட்டில் விசேஷம் என்றால், அதை ஊருக்கு முதலில் சொல்வது யார்?

வீட்டுக்காரர் அல்ல. அழைப்பிதழும் அல்ல. வாசல்தான்!

வாசலில் வாழை மரம் நின்றால், கல்யாணம். நிலைக்கு மேலே புது மாவிலை தொங்கினால், பண்டிகை. வேப்பிலைக் கொத்து செருகி இருந்தால், அம்மை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படிக்கக்கூடிய எழுத்து இது.

அந்த எழுத்து இப்போது அழிந்து வருகிறது. பல வீடுகளின் வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஆண்டு முழுவதும் தொங்குகிறது. பொங்கலுக்கும் அதுதான். ஆடிக்கும் அதுதான். வீடு பூட்டிக் கிடந்தாலும் அதுதான். ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவரின் பேச்சை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்?

இலையை மதித்த ஊர்

கடலூர் மாவட்டத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீமுஷ்ணம். பூவராக சுவாமி கோவில் கொண்ட ஊர். பெருமாளின் கண்களில் இருந்து அரச மரமும் துளசியும் தோன்றின என்கிறது தல புராணம். இலைக்கு அவ்வளவு பெருமை கொடுத்த ஊர் அது.

மாசி மகத்துக்கு இந்தப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அப்போது கிள்ளை தர்காவில் முஸ்லிம் பெருமக்கள் மாலை கொடுத்து வரவேற்கிறார்கள். வருகிறவர் யாரானாலும் எதிர்கொண்டு அழைப்பது இந்த வட்டாரத்தின் பண்பு. தோரணமும் அப்படிப்பட்ட ஒரு வரவேற்புத்தான். வரவேற்கும் மாலை வாடிய மாலையாக இருக்கலாமா? சாயம் வெளுத்த பிளாஸ்டிக் இலையும் அதுபோலத்தான்.

வேப்பிலை செய்த வேலை

தோரணம் வெறும் அழகுக்கு மட்டும் அல்ல. வேப்பிலையைப் பாருங்கள்.

முன்பு பெரியம்மை உயிரைக் குடித்த காலத்தில், வாசலில் செருகிய வேப்பிலைதான் எச்சரிக்கைப் பலகை. அதைக் கண்டதும் வெளியார் உள்ளே போகமாட்டார்கள். நோய் பரவாமல் இருக்க அது ஓரளவு உதவியது. இந்தியாவில் பெரியம்மை 1975-ம் ஆண்டோடு ஒழிந்தது. உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக 1980-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதை ஒழித்தது தடுப்பு ஊசி. ஆனால், சின்னம்மை இன்றும் வருகிறது. கைக்குழந்தையோடும், கர்ப்பிணிப் பெண்ணோடும் அந்த வீட்டுக்குள் போகக்கூடாது என்பதை வேப்பிலை இன்றும் சொல்லும்.

அதே நிலையில் பிளாஸ்டிக் மாவிலை பளபளவென்று தொங்கினால்? "வாருங்கள், வாருங்கள்" என்று அது தப்பாக அல்லவா அழைக்கும்!

எந்த வீட்டுக்கு எது?

தோரணம் கட்டுவதற்கு முன் 2 கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் என்ன விசேஷம்? வாசல் எப்படிப்பட்டது?

குனிந்து நுழையும் தாழ்வான நிலை என்றால், சிறிய மாவிலையே நல்லது. பெரிய இலை வருகிறவர் நெற்றியில் இடிக்கும். இளந்தளிர் வேண்டாம், மாலைக்குள் துவண்டுவிடும். முற்றிய இலை ஒடியும். நடுத்தர இலையைப் பறித்து, காம்புப் பக்கம் கயிற்றின் மேல் மடித்து, ஈர்க்குக் குச்சியால் குத்தினால் போதும். ஊசியும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

உயரமான கேட்டும் அகலமான திண்ணையும் உள்ள வீட்டுக்குத் தென்னங்குருத்துத் தோரணம் எடுப்பாக இருக்கும். ஆனால், அதை முடையத் தெரிந்த பெரியவரிடம் கேட்டுச் செய்யவேண்டும். மங்கல காரியத்துக்கு ஒரு விதமாகவும், துக்கத்துக்கு வேறு விதமாகவும் மடிப்பது வழக்கம். தெரியாமல் மாற்றிக் கட்டினால், கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அடுக்கு மாடி வீட்டில் இருப்பவர்கள் நிலையின் அகலத்துக்கு ஒரு சரம் கட்டினால் போதும். வாடகை வீட்டில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். கதவுக் கம்பியில் நூலால் கட்டலாம்.

தெருவில் ஆடு திரிந்தால் எட்டாத உயரத்தில் கட்டவேண்டும். பிளாஸ்டிக் தோரணத்தை ஆடு தின்னாதே என்று சிலர் கேட்கலாம். தோரணமாக இருக்கும்வரை தின்னாது. அது குப்பைக்குப் போன பிறகு, மாடு தின்னும். அதன் வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும்.

"யார் கட்டுவது?"

"தினமும் இலை பறித்துக் கட்ட யாருக்கு நேரம் இருக்கிறது?" என்பது பலர் சொல்லும் காரணம். வேலைக்குப் போகும் பெண்கள் கேட்டால் அதில் நியாயமும் உண்டு.

தினமும் கட்டச் சொல்லவில்லையே! நல்ல நாளில் கட்டவேண்டும். காய்ந்ததும் அவிழ்த்துச் செடிக்கு எருவாகப் போடவேண்டும். மற்ற நாட்களில் வாசல் வெறுமையாக இருந்தால் குறைவு இல்லை. ஒரு கோலம் போதும். அந்தச் சில நாட்களிலும் பெண்களே கட்டவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆண்களுக்கும் கை இருக்கிறது. பிள்ளைகளும் ஆசையோடு ஓடி வருவார்கள்.

மேல்நாடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில், பச்சை இலைகளை வளையமாகக் கட்டிக் கதவில் மாட்டுவார்கள். பண்டிகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். எடுப்பதால்தான் அடுத்த ஆண்டு மாட்டும்போது மகிழ்ச்சி வருகிறது.

சொந்தத்தில் மாமரம் இல்லையா? பக்கத்து வீட்டில் 2 கொத்து கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். "என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லும்போதே பாதி அழைப்பு முடிந்துவிடும். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தோரணத்தைப் பார்த்து அப்படி யாராவது கேட்டது உண்டா?

இலை வாடும். அது குறை அல்ல. நேற்று இந்த வீட்டில் ஒரு நல்ல நாள் வந்து போனது என்பதற்கு, வாடிய இலைதான் சாட்சி!