தாத்தா 'சான்ட்டர்' செய்து போனாராம்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டுச் சிலர் என்னோடு சண்டைக்கு வரக்கூடும். வரட்டும்.

இங்கே சிங்கப்பூரில் நம்மவர் வீடுகளுக்குப் போனால் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். நடப்பதற்குப் பதினைந்து ஆங்கில வார்த்தை, சத்தத்துக்கு இருபது, நிறைந்திருப்பதற்குப் பத்து. 'வாக்' என்று எழுதினால் மார்க் போச்சாம். ட்ரட்ஜ், ஸ்ட்ரோல், சான்ட்டர் என்று எழுத வேண்டுமாம். பிள்ளைகளும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கின்றன.

என் பத்து வயதுப் பெண் தாத்தாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அதில் அவர் காலை ஷிஃப்டுக்குச் சுரங்கத்தை நோக்கி 'சான்ட்டர்' செய்து போகிறார். ட்யூஷன் டீச்சர் பக்கத்தில் பெரிய டிக் போட்டு 'நல்ல வார்த்தை' என்று வேறு எழுதியிருந்தார்.

சான்ட்டர் என்றால் கவலையில்லாமல் காற்று வாங்கிக்கொண்டு ஆடி அசைந்து நடப்பது. என் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கேஜில் ஏறி அதற்குள் இறங்கப் போகிற மனுஷன் ஆடி அசைந்தா போவான்? ஷிஃப்ட் முடிந்து காலை இழுத்து இழுத்து வருவாரே, அதுதான் ட்ரட்ஜ். அந்த வார்த்தையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியலுக்கு இரண்டும் ஒன்று.

சத்தப் பட்டியல் இன்னும் மோசம். ரம்பிள் என்பதற்கு எதிரே 'ஒரு வகைச் சத்தம்' என்று போட்டிருக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல! பூமிக்கடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும், எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்போம். தரைக்குள்ளிருந்து ஓர் உறுமல் வரும், அது ரம்பிள். அடுக்கிலுள்ள பாத்திரங்கள் கடகடவென்று நடுங்கும், அது ராட்டில். அப்புறம் தெருவே வாயடைத்துப் போகும், கீழே யார் வீட்டு ஆள் இருக்கிறாரோ என்று. அதற்குப் பட்டியலில் வார்த்தை இல்லை. பள்ளிக்கூடம் போகாத எங்கள் பாட்டிமார் ஷாஃப்ட், கேஜ், ஏர் பிளாஸ்ட் எல்லாம் பிசகாமல் சொல்வார்கள். அவர்களுக்குப் பொருள் முதலில் வந்தது, வார்த்தை பிறகு வந்தது.

இதில் இன்னொரு கூத்து. ஆங்கிலம் நடையின் தினுசை வினைச்சொல்லுக்குள்ளேயே அடைத்துவிடும். தமிழ் பெரும்பாலும் அதை முன்னால் தனியாக வைக்கும். விறுவிறுவென நடந்தான், தத்தித் தத்தி நடந்தான், தள்ளாடி நடந்தான். ஆங்கிலத்தில் ஸ்ட்ரைட், டாடில், ஸ்டாகர். தொல்காப்பியத்திலேயே இரட்டைக்கிளவிக்கு இலக்கணம் சொன்ன மொழி நம்முடையது. சலசல, மடமட, கடகட தெரிந்த பிள்ளைக்கு வித்தியாசம் ஏற்கெனவே காதில் இருக்கிறது, ஆங்கிலப் பெயரைச் சொன்னால் போதும். நாமோ இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு, அதே வித்தியாசத்தை ட்யூஷனில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நிறைவும் அப்படித்தான். சூட்கேஸ் துணிகளால் 'டீமிங்' என்று எழுதியிருந்தாள். டீமிங் என்றால் உயிருள்ளவை மொய்ப்பது. துணி மொய்க்குமா? (துவைக்காவிட்டால் ஈ மொய்க்கலாம் :-)) குடம் தளும்பினால் ப்ரிம்மிங். மூட்டையை மிதித்து அடைத்தால் க்ராம்ட். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபின் எங்கள் ஜனம் பிழைப்புக்கு பெங்களூர் ரயிலைப் பிடித்தது. மாரிக்குப்பத்தில் விடிவதற்குள் ஏறினால் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். பங்காரப்பேட்டை தாண்டினால் தூக்கிய கையை இறக்க இடமிருக்காது. அதில் ஒருமுறை போனவனுக்கு க்ராம்ட் என்பதற்கு அகராதி வேண்டாம்.

பட்டியலைக் கிழிக்கச் சொல்லவில்லை. வாரம் மூன்று வார்த்தை எடுங்கள். பிள்ளையை நடந்து காட்டச் சொல்லுங்கள், சத்தத்தை வாயால் போடச் சொல்லுங்கள். பரீட்சைக்கு அது போதுமா என்று கேட்பவர்கள், சூட்கேஸில் துணி மொய்த்தால் எத்தனை மார்க் என்று முதலில் சொல்லட்டும். தமிழில் அதற்கு என்ன சொல்வோம் என்று உங்களுக்கே தெரியாவிட்டால் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இப்போது வாட்ஸப்பில் தனிக் காசுகூடக் கிடையாது.